கடுகு பிரித்த வானம்

கடுகுக்குக் கோபம் வந்துவிட்டது.

இது ஒன்றும் புதுச் செய்தி இல்லை. அவளுக்குக் கோபம் வராத நாளைத்தான் தேடிப் பிடிக்க வேண்டும். காய்ந்த எண்ணெயில் போட்டதுபோலப் படபடவென்று வெடிக்கிறாள் என்றுதான் அப்பா அவளுக்கு அந்தப் பெயரையே வைத்தார். பள்ளிக்கூடத்திலும் அது ஒட்டிக்கொண்டது. ஐந்தாம் வகுப்பில் அவளுடைய உண்மையான பெயர் எத்தனை பேருக்குத் தெரியும் என்று கேட்டால், அவளே கொஞ்சம் யோசிப்பாள்.

ஆனால் அந்தத் திங்கட்கிழமை வந்த கோபம் நியாயமான கோபம். நீங்களாக இருந்தாலும் வந்திருக்கும்.

பள்ளி விட்டதும் கடுகு வழக்கம்போல அலுவலக அறைக்குப் போய், அம்மாவின் நாற்காலிக்குப் பின்னால் ஸ்டூலில் உட்கார்ந்தாள். அம்மாவுக்கு அங்கேதான் வேலை.

வேலை என்றால் ஒரு வேலையா? சன்னலுக்கு அந்தப் பக்கம் யார் வந்து நின்றாலும் பதில் சொல்ல வேண்டும். தொலைபேசி அடித்தால் எடுக்க வேண்டும். முழங்காலைச் சிராய்த்துக்கொண்டு வருகிற பிள்ளைக்கு மருந்து போட வேண்டும். யாரோ தொலைத்த தண்ணீர் பாட்டிலை யாரோ தேடி வரும்வரை பாதுகாக்க வேண்டும். பிரிண்டர் காகிதத்தை விழுங்கிவிட்டுத் துப்ப மாட்டேன் என்று அடம் பிடித்தால், தலைமையாசிரியர்கூட அம்மாவைத்தான் கூப்பிடுவார். அம்மா அதன் வயிற்றைத் திறந்து, கசங்கிய காகிதத்தை உருவி, செல்லமாக ஒரு தட்டுத் தட்டுவார். அது உடனே ஒழுங்காகிவிடும்.

அன்றைக்கும் எல்லாம் முடிந்து, அம்மா பையை எடுத்துத் தோளில் மாட்டிவிட்டார். அந்த நேரம் பார்த்துப் பக்கக் கதவைத் தள்ளிக்கொண்டு டான்ஸ் மிஸ் வந்தார். கையில் ஒரு பெரிய பை. உள்ளே மஞ்சளும் ஆரஞ்சுமாக வலைத்துணி பிதுங்கிக்கொண்டிருந்தது.

"அப்பாடா, கிளம்பலையே நீங்க! ஒரு சின்ன வேலைதான். வெள்ளிக்கிழமை ஆண்டு விழா இல்லையா, பட்டாம்பூச்சி டான்ஸுக்கு இறக்கை. வெட்டி வச்சாச்சு. ஓரத்த மட்டும் மடிச்சுத் தைச்சுட்டா போதும்."

"எத்தனை மிஸ்?" என்றார் அம்மா.

"முப்பது ஜோடிதான். உங்க கை மாதிரி யாருக்கு வரும்?"

சொல்லிக்கொண்டே பையை அம்மாவின் மேசையில் வைத்துவிட்டார். கடுகு அம்மாவின் முதுகையே பார்த்தாள். 'சொல்லும்மா, முடியாதுன்னு சொல்லு' என்று மனசுக்குள் கத்தினாள்.

"அதுக்கென்ன, வச்சுட்டுப் போங்க" என்றார் அம்மா.

அவ்வளவுதான். கடுகுக்குக் காது மடல்வரை சுட்டது.

ஏன் என்று கேளுங்கள். வீட்டில் அம்மாவுக்காக ஒன்று காத்துக்கொண்டிருந்தது. சன்னலோரம் ஒரு மரச்சட்டம். அதில் இழுத்துக் கட்டிய துணி. துணியில் அவர்களுடைய தெருவே இருந்தது, அத்தனையும் நூலால். முடிதிருத்தும் கடையின் சுழல் நாற்காலி, மாடிக் கொடியில் காயும் சட்டைகள், முனையில் திரும்பும் அப்பாவின் பேருந்து, சுவரில் உட்கார்ந்து உலகத்தையே முறைக்கிற பூனை. சாயங்காலம் வீட்டுக்கு வந்து முகம் கழுவியதும் அம்மா அதன் முன்னால்தான் உட்காருவார். பகலெல்லாம் யார் யாருக்கோ ஓடிய கை, அங்கே மட்டும் தனக்காக ஓடும். ஒரு வருடமாக அப்படித்தான்.

இன்னும் இரண்டே இரண்டுதான் பாக்கி. ஒன்று, அவர்கள் வீட்டுச் சன்னல். அது காலியாக இருந்தது. இன்னொன்று வானம்.

வானத்துக்காக அம்மா நூலுக்குத் தானே சாயம் போட்டிருந்தார். ஒரு வாரம் குளியலறை வாளியில் கையை விட்டு, கண்டு கண்டாக முக்கி எடுத்தார். அந்த வாரம் அலுவலகச் சன்னலில் அம்மா நீட்டிய கையெல்லாம் நீலம். "பேனா உடைஞ்சிடுச்சா?" என்று கேட்காத ஆள் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை நூலகத்தில் கைவினைக் கண்காட்சி. சனிக்கிழமை மாலைக்குள் கொண்டுபோய்க் கொடுத்தால்தான் சேர்த்துக்கொள்வார்கள். போன வருடமும் அம்மா கொடுப்பதாகத்தான் இருந்தார். அப்போது காடு டான்ஸ். அம்மா பச்சைத் துணியில் இலை தைத்துக்கொண்டிருந்தபோதே கண்காட்சி முடிந்துபோயிற்று.

வீட்டுக்கு வந்ததும் அம்மா மரச்சட்டத்தைத் தூக்கிச் சுவரைப் பார்க்கத் திருப்பி வைத்தார். பையைப் பிரித்துத் தரையில் கொட்டினார். கூடம் முழுக்க இறக்கை.

"ஏம்மா முடியாதுன்னு சொல்லல?" கடுகு வெடித்தாள்.

"சின்னப் பிள்ளைங்க ஆடறாங்கடி. பாவம்."

"நீ பாவமில்லையா?"

அம்மா ஊசியில் நூலைக் கோத்தார். அப்போதுதான் அப்பா வந்தார். பேருந்து ஓட்டிக் களைத்து வந்தவர், இறக்கைக் குவியலைப் பார்த்து வாசலிலேயே நின்றுவிட்டார்.

"என்ன இது, நான் உள்ள நடந்து வரணுமா, பறந்து வரணுமா?"

அம்மா சிரித்தார். கடுகு சிரிக்கவில்லை. கோபமாக இருக்கும்போது யாராவது வேடிக்கை பேசினால் அவளுக்கு இன்னும் எரிச்சல் வரும். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு போய்ப் படுத்துவிட்டாள்.

மறுநாள் அம்மாவுக்குப் பள்ளியில் கூட்டம். வர நேரமாகும். விடிகாலையே வண்டி எடுத்துப் போன அப்பா, வீடு திரும்பித் திரையை இழுத்துவிட்டுத் தூங்கிக்கொண்டிருந்தார். அரையிருட்டான கூடத்தில் கடுகு இறக்கைக் குவியலை முறைத்துக்கொண்டு நின்றாள். குவியல் கொஞ்சம்கூடக் குறைந்த மாதிரி தெரியவில்லை.

திடீரென்று ஒரு யோசனை வந்தது. நாமே தைத்தால் என்ன?

பொத்தான் தைக்கத் தெரியும். ஓரம் மடித்து நூல் ஓட்டவும் ஓரளவு தெரியும். எத்தனை முடிகிறதோ அத்தனை முடித்தால், அத்தனை நேரம் அம்மாவுக்கு மிச்சம். அம்மா வானத்துக்குப் போய்விடலாம்!

ஊசி கிடைத்தது. நூல்? டான்ஸ் மிஸ் பையைத் தலைகீழாகக் கவிழ்த்துப் பார்த்தாள். ஒரு இழைகூட இல்லை. 'நூலும் அம்மாவோடதுதானா! நல்லா இருக்கே!' என்று பல்லைக் கடித்தாள். நேற்று அம்மா தைத்த வெள்ளை நூலும் தீர்ந்து, வெறும் உருளைதான் கிடந்தது.

அம்மாவின் தகர டப்பாவைத் திறந்தாள். அடர்நீலக் கண்டுகளை அவள் தொடவில்லை. அது வானம், அவளுக்குத் தெரியாதா? பக்கத்தில் வெளுத்த நூல் நிறையக் கிடந்தது. ஏதோ பழைய வெள்ளை நூல், மங்கிப் போயிருக்கிறது என்று நினைத்தாள். வலைத்துணி நழுவியதால், பலமாக இருக்கட்டும் என்று நூலை நாலாக மடித்துக் கோத்தாள். முடிச்சும் சும்மா இல்லை, நாலு தையலுக்கு ஒன்று, ஒவ்வொன்றும் மிளகு பருமன்.

விரலில் நாலு இடத்தில் குத்தியது. பொறுத்துக்கொண்டாள். நூல் முழுவதும் தீரும்வரை தைத்தாள். அம்மா வந்து பார்த்து அப்படியே கட்டிக்கொள்ளப் போகிறார் என்று நினைக்கும்போதே இனித்தது.

அம்மா வந்தார். விளக்கைப் போட்டார். இறக்கை ஒன்றை எடுத்தார். வெளிச்சத்தில் பார்த்தார். பிறகு தகர டப்பாவைப் பார்த்தார்.

"இந்த நூலையா எடுத்தே?"

"நீலத்தத் தொடவே இல்லம்மா. பழைய வெள்ளை நூல்தான்..."

"வெள்ளையா? இது வெள்ளையா?" அம்மாவின் குரல் ஏறியது. "நல்லாப் பாருடி! கூரைக்கு மேல வானம் எப்படி இருக்கும்? வெளிறித்தானே இருக்கும்? அதுக்குத்தான் சாயத்துல லேசா முக்கி முக்கி எடுத்தேன். வானத்துல முக்காவாசி இதுதான்!"

கடுகு விளக்கடியில் நூலைப் பார்த்தாள். நீலம்தான். மிக மிக லேசான நீலம். ஆனால் கடுகு கடுகுதானே. தப்பு தன்மேல் என்று தெரிந்ததும் அவளுக்குக் கோபம் இரண்டு மடங்காகிவிட்டது.

"உனக்காகத்தானே செஞ்சேன்!"

"எனக்காகவா? என்னைக் கேட்டியா?"

அம்மா இப்படிக் கத்தி அவள் கேட்டதே இல்லை. அப்பா தூக்கக் கலக்கத்தில் ஒற்றைச் செருப்போடு ஓடி வந்து, இரண்டு பேர் முகத்தையும் பார்த்துவிட்டு, வந்த வழியே திரும்பிப் போனார்.

"எல்லாரும் என் தலையில வேலையக் கட்டிட்டுப் போறாங்க. 'உங்க கை மாதிரி வருமா'ங்கறாங்க. உங்களால முடியுமா, நேரம் இருக்கான்னு ஒருத்தராவது கேக்கறாங்களா? இப்ப நீயும் கேக்கல." அம்மா டப்பாவை மூடினார். "இனி சாயம் போட்டுக் காய வைக்க நேரமில்ல. இந்த வருஷமும் போச்சு, விடு."

அந்த 'விடு' இருக்கிறதே, அதைத்தான் கடுகால் தாங்க முடியவில்லை. திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. அன்றிரவு அவளுக்குத் தன்மேல் கோபம், டான்ஸ் மிஸ் மேல் கோபம், நூல்மேல் கோபம். வெளிறியே கிடக்கிற வானத்தின்மேலும் கோபம்.

புதன்கிழமை இடைவேளை மணி அடித்ததும் அலுவலகத்துக்குப் போனாள். மேசையடியில், இடையிடையே தைக்க அம்மா எடுத்து வந்த இறக்கைப் பை இருந்தது. அம்மா தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்தார். கடுகு காத்திருந்தாள். பேசி முடிந்ததும் சொன்னாள்.

"அம்மா, உன்னைக் கேக்கறேன். இந்தப் பையை நான் டான்ஸ் மிஸ்கிட்ட கொண்டு போகட்டுமா?"

"எதுக்கு?"

"நான் தைச்சத எல்லாம் பிரிக்கப் போறேன். உன் நூலு உனக்கு வேணும். மிச்சத்த அவங்களே பாத்துக்கட்டும்."

"சண்டை போடப் போறியா?"

"போட மாட்டேன். முடிஞ்சவரைக்கும்."

மறுபடி தொலைபேசி அடித்தது. அம்மா அதை எடுத்தபடியே, போ என்று தலையசைத்தார்.

நடன அறையில் பட்டாம்பூச்சிகள் இருந்தன. ஒன்றாம் வகுப்பு வாண்டுகள். கையை அசைத்துக்கொண்டு ஒன்றின்மேல் ஒன்று மோதிக்கொண்டிருந்தன. சுவரோரம் தங்கள் முறைக்காக உட்கார்ந்திருந்தார்கள் கடுகின் வகுப்புப் பிள்ளைகள். அவர்கள் பூக்கள்.

"அதுக்குள்ள முடிச்சுட்டாங்களா! எனக்குத் தெரியும்!" என்று மிஸ் கைகொட்டினார்.

கடுகு தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்தாள். ஒரு இறக்கையை எடுத்தாள். சின்னக் கத்தரியால் முடிச்சை வெட்டி, நூலை மெல்ல உருவ ஆரம்பித்தாள்.

"ஏய், ஏய்! என்னம்மா பண்றே?"

"பிரிக்கறேன் மிஸ்."

"தைச்சத ஏன் பிரிக்கறே?"

"இது எங்க அம்மாவோட வானம் மிஸ்."

மிஸ் சிரித்தார். கடுகின் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு பாதியில் நின்றது. கடுகு சொன்னாள். தெருவைச் சொன்னாள், வாளியைச் சொன்னாள், நீலக் கையைச் சொன்னாள், போன வருடத்து இலைகளைச் சொன்னாள். தான் செய்த தப்பையும் விடாமல் சொன்னாள். ஆனால் அழவில்லை. கோபத்தில் ஒரு வசதி உண்டு. அது அழுகையை அணை போட்டுத் தடுத்துவிடும்.

"அவங்க என்கிட்ட சொல்லவே இல்லையே" என்றார் மிஸ்.

"நீங்க கேக்கவே இல்லையே மிஸ்."

மிஸ்ஸின் முகம் சிவந்தது. "பெரியவங்ககிட்ட இப்படித்தான் பேசறதா?"

"இல்ல மிஸ். ஆனா வேற எப்படிச் சொல்றதுன்னு எனக்குத் தெரியல."

அவள் குனிந்து அடுத்த முடிச்சைத் தேடினாள். அப்போது முன்பல் விழுந்த ஒரு வாண்டுப் பட்டாம்பூச்சி அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தது.

"அக்கா, நானும் இழுக்கட்டா? மெதுவா இழுப்பேன்."

"நான் முடிச்ச வெட்டித் தரேன். அறுக்காம இழுக்கணும், சரியா?"

"சரிக்கா."

ஒன்று வந்தால் ஒன்பது வரும். வாண்டுகள் வட்டமாக உட்கார்ந்து, நாக்கைத் துருத்திக்கொண்டு நூல் உருவின. மிளகு முடிச்சுகள் லேசில் விடவில்லை. "எந்த முட்டாள்க்கா இப்படி முடிச்சுப் போட்டது?" என்றான் ஒருவன். "நான்தான்டா" என்றாள் கடுகு. அவன் சட்டென்று வாயை மூடிக்கொண்டான்.

மிஸ் அலமாரியைத் திறந்து வெள்ளை நூல் உருளை ஒன்றை எடுத்து வந்தார். நூல் இத்தனை நாளும் அங்கேதான் இருந்திருக்கிறது!

"எனக்குத் தைக்க வராது" என்றார் தாழ்ந்த குரலில். "கேக்கவும் வெக்கமா இருந்துச்சு. அதான் சின்ன வேலை, சின்ன வேலைன்னு கொண்டுபோய் வச்சுட்டு ஓடி வந்துடுவேன்."

கடுகுக்குக் கோபம் முழுசாகப் போகவில்லை. இருந்தாலும் "எனக்கும் வராது மிஸ்" என்று தன் கோணல் தையலைக் காட்டினாள். "மேடைக்குக் கீழேருந்து பாத்தா யாருக்குத் தெரியப் போகுது?"

மிஸ் தரையில் உட்கார்ந்தார். "ஊசியக் கொடு" என்றார். "ஐயோ!" என்றார் அடுத்த நொடியே, விரலை வாயில் வைத்துக்கொண்டு. பூக்களும் வந்து ஆளுக்கொரு இறக்கையை எடுத்துக்கொண்டன.

பள்ளி விட்டதும் கடுகு சாப்பாட்டு டப்பா நிறைய நூலோடு அலுவலகத்துக்கு ஓடினாள். சன்னலில் விளையாட்டு ஆசிரியர் நின்றுகொண்டிருந்தார். கையில் விழாக் கொடிக்கான துணி.

"ஒரு சின்ன வேலைதான்..." என்று தொடங்கினார்.

கடுகு மூச்சைப் பிடித்துக்கொண்டாள். அம்மா துணியைப் பார்த்தார். அவரைப் பார்த்தார்.

"இந்த வாரம் முடியாது சார்" என்றார்.

வானம் இடிந்து விழவில்லை. "ஓ, சரிம்மா" என்று சொல்லிவிட்டு அவர் துணியைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டார். அம்மா தன் காதைத் தானே நம்பாதவர்போல உட்கார்ந்திருந்தார்.

வீட்டில் அம்மா மரச்சட்டத்தைத் திருப்பித் தரையில் படுக்க வைத்துவிட்டு, அந்தச் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தார். நூல் ஒன்றுகூட முழம் நீளம் இல்லை. எல்லாம் துண்டு துண்டு. தையலில் இருந்து வந்ததால் நெளிநெளியாக வேறு சுருண்டிருந்தது.

"எல்லாரும் கஷ்டப்பட்டிருக்கீங்க" என்றார் அம்மா. "ஆனா வானத்துக்கு நீள இழை வேணும்டி. ஒரு ஓரத்துலேருந்து மறு ஓரம் வரைக்கும் வழவழன்னு போகணும். இத வச்சு முடியாது."

கடுகுக்கு மறுபடி கோபம் ஏறியது. இவ்வளவு பாடுபட்டும் இல்லை என்றால் எப்படி? டப்பாவை வெடுக்கென்று இழுத்தாள். நாலைந்து துண்டுகள் துணிமேல் சிதறி விழுந்தன. கூரைகளுக்கு மேலே, காலி இடத்தில், சாய்வாக, குட்டையாக, நெளிவாக.

கடுகு அதை உற்றுப் பார்த்தாள்.

"அம்மா... ஒண்ணு கேக்கட்டுமா? வானம் சும்மாதான் இருக்கணுமா? மழை பெய்யக் கூடாதா?"

அம்மா குனிந்தார். ஒரு துண்டை விரல் நுனியால் கொஞ்சம் நகர்த்தினார். இன்னொன்றை. பிறகு ஊசியை எடுத்தார்.

"கொடியில காயற துணியெல்லாம் நனைஞ்சிடுமே!" என்றார் அப்பா, எட்டிப் பார்த்து.

"நனையட்டும்" என்றார்கள் இரண்டு பேரும் ஒரே குரலில்.

வெள்ளிக்கிழமை பட்டாம்பூச்சிகள் ஆடின. பாதி ஆட்டத்தில் முன்பல் விழுந்த வாண்டின் இடது இறக்கை கழன்று விழுந்தது. அது குனிந்து எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டே ஆடி முடித்தது. அன்றைக்கு அதற்குத்தான் கைதட்டல் அதிகம்.

சனிக்கிழமை மாலை நூலகத்துக்குக் கிளம்பும் முன் அம்மா சட்டத்தைத் திருப்பிக் காட்டினார். மேலே அடர்நீல மேகம். கீழே தெரு முழுக்கக் காற்றில் சாய்ந்து கொட்டுகிற மழை. பூனை முன்னைவிட அதிகமாக முறைக்கிற மாதிரி இருந்தது. அவர்கள் வீட்டுச் சன்னல் இப்போது காலியாக இல்லை. அதில் ஒரு குட்டிப் பெண் இடுப்பில் கை வைத்துக்கொண்டு மழையைப் பார்த்து நின்றாள். மூக்கு மட்டும் செக்கச்செவேல் என்று இருந்தது.

"இது யாரு?" என்றாள் கடுகு. யார் என்று அவளுக்கு நன்றாகவே தெரிந்தது. "என்னையா போட்டே? என்னைக் கேட்டியா?"

அம்மா ஊசியைக் கையில் எடுத்துக்கொண்டார்.

"தப்புதான். இப்பக் கேக்கறேன். இருக்கட்டுமா, பிரிக்கட்டுமா?"

கடுகு இடுப்பில் கை வைத்துக்கொண்டு அந்தச் சன்னலையே நெடுநேரம் பார்த்தாள்.

"இருக்கட்டும்" என்றாள். "மூக்குக்கு மட்டும் கொஞ்சம் சிவப்பைக் குறைச்சிடு."